வரியும் திட்டும்

இழைத்து வழுவழுப்பாக்கிய மேப்பிள் பலகை ஒன்றின் மீது ஈரத்துணியை ஒரு முறை இழுத்துவிட்டுப் பார்த்தால், அதுவரை வெறும் பால் வெளுப்பாய்க் கிடந்த அந்தப் பலகையில், புலியின் விலாப்புறத்தில் ஓடும் கோடுகளைப் போலக் குறுக்கு வரிகள் எழும்பி, நாம் தலையைச் சற்றே சாய்த்தால் இருண்ட வரி வெளுத்தும் வெளுத்த வரி இருண்டும், மயில்கழுத்துப் பட்டில் இரண்டு வர்ணங்கள் மாறி மாறித் தோன்றுவதைப் போல இடம் மாற்றிக்கொள்வதைக் காணலாம். ஈரம் உலர்ந்ததும் அந்த விளையாட்டு நின்று, பலகை மறுபடியும் ஊமையாகிவிடுகிறது. அந்த விளையாட்டை நிரந்தரமாக்க வேண்டும், அதோடு பொன்னிறமோ செந்நிறமோ ஒரு வர்ணமும் அதில் ஏற வேண்டும் என்ற ஆசையால், கடையில் வாங்கிய சாயத்தை அப்படியே எடுத்துப் பூசியவனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பலன், தேமல் படர்ந்த முதுகைப் போல, ஓரிடத்தில் கருத்தும் ஓரிடத்தில் வெளிறியும் திட்டுத் திட்டாய்க் காட்சி தரும் ஒரு மேசைப் பலகையே. மாதக்கணக்கில் அறுத்தும் இழைத்தும் பொருத்தியும் செய்த வேலை அரை நாழிகையில் கெட்டுப்போகும் அந்த இடத்தைக் கண்டு அஞ்சாத மரவேலைக்காரர், மேப்பிள் விளையும் நாடுகளில் இல்லை என்றே சொல்லலாம்.

இந்தத் திட்டு ஏன் விழுகிறது, அதை விழாமல் தடுக்க மனிதர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக என்னென்ன பிரயத்தனங்கள் செய்தார்கள் என்பது, கேட்கும்போது ஏதோ ஒரு தச்சுப் பட்டறையின் மூலையில் அடங்கிவிடக்கூடிய சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதன் இழையைப் பற்றிக்கொண்டு சற்றுத் தூரம் போனால், இத்தாலியின் கிரெமோனா நகரத்து வயலின் பட்டறைகளும், பென்சில்வேனியாவில் குடியேறித் துப்பாக்கி செய்து பிழைத்த ஜெர்மானியர்களும், கொய்னா மருந்தைத் தேடப் புறப்பட்டு ஊதா நிறத்தில் போய் முடிந்த லண்டன் மாணவன் ஒருவனும், நம் நாட்டுச் சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து அரக்குச் சுரண்டும் எளிய ஜனங்களும் ஒரே சரட்டில் கோக்கப்பட்டிருப்பது தெரியவரும்.

மேப்பிள் நம் ஊர் மரமன்று. குளிர் தேசத்து மரம். கனடா நாட்டுக் கொடியில் சிவந்து விளங்கும் இலை அதனுடையதே. பனி உருகும் பருவத்தில் அடிமரத்தில் துளையிட்டு, வடியும் நீரைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்களே, அந்தச் சர்க்கரை மேப்பிள்தான் அமெரிக்காவில் மேசை நாற்காலிகளுக்கு உரிய உறுதியான ஜாதி. அதைவிடச் சற்று மென்மையானது சிவப்பு மேப்பிள். ஐரோப்பாவில் இவற்றின் உறவாக நிற்பது சிக்கமோர் மேப்பிள். தேக்கிலும் ஓக்கிலும் பெரிய நாளங்கள் ஆண்டு வளையங்களை ஒட்டி வரிசை கட்டி நிற்பதால் அவற்றின் ரேகை எட்ட நின்று பார்த்தாலும் புலப்படும். மேப்பிளின் நாளங்களோ மிக நுண்ணியவை; மரம் முழுவதும் ஒரே சீராய்ச் சிதறிக் கிடப்பவை. ஆகையால் சாதாரண மேப்பிள் பலகையில் சொல்லிக்கொள்ளும்படியான ரேகை எதுவும் இராது. எனினும் சில மரங்களில் மட்டும் நார்கள் நேராக மேலேறாமல், காற்றில் அலையும் கூந்தலைப் போல நெளிந்து நெளிந்து வளர்கின்றன. அலையாய் வளர்ந்த நாரை நேர்கோட்டில் அறுக்கும்போது, வாள் ஓரிடத்தில் நாரின் பக்கத்தைத் தடவிக்கொண்டும், அடுத்த அங்குலத்தில் நாரின் நுனியைக் கொய்துகொண்டும் போகிறது. பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நுனி அதை விழுங்கிவிடுகிறது. புலிவரி என்றும், வயலின்காரர்களால் பிடில் முதுகு என்றும் அழைக்கப்படும் அழகின் சூட்சுமம் இவ்வளவுதான். சிறு சிறு சுழிகளாய்க் குழிந்து தோன்றுவதைப் பறவைக்கண் என்றும், பசிபிக் கரையோரத்துப் பெரிய இலை மேப்பிளில் மெத்தை போல் உப்பிக் காண்பதைத் தையல் மெத்தை வரி என்றும் வழங்குகிறார்கள்.

இனி வர்ணத்தின் பக்கம் வருவோம். நாரின் நுனி என்பது கட்டாகக் கட்டி வைத்த வைக்கோலின் வெட்டுவாய் போன்றது. எந்தத் திரவத்தைக் காட்டினாலும் அது ஆவலோடு குடிக்கும். நாரின் பக்கமோ அதே வைக்கோல் தாளின் முதுகு; நனையுமே தவிர அதிகம் குடிக்காது. ஆகவே சாயம் பட்டவுடன் நுனிகள் நிற்கும் இடம் கருத்து, பக்கங்கள் கிடக்கும் இடம் வெளுத்து, வரி முன்னிலும் தெளிவாக எடுத்துக் காட்டுகிறது. இதுவரை நன்மை. ஆனால் அதே பலகையில் நார் ஒழுங்கின்றித் தலைகுப்புற விழுந்த இடங்களும், ஓரிடம் இறுகி ஓரிடம் நெகிழ்ந்த இடங்களும், இழைப்புளி நாரைப் பிய்த்துக்கொண்டு போன பள்ளங்களும் இருக்கின்றன. அவையும் தம் போக்கில் குடிக்கின்றன. அப்படிக் குடித்த இடந்தான் திட்டு. ஆக, வரியும் திட்டும் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள். ஒழுங்கோடு வந்தால் அழகு என்கிறோம், ஒழுங்கு தவறி வந்தால் குற்றம் என்கிறோம். மரத்தின் வாயை முற்றிலும் அடைத்துவிட்டால் திட்டு விழாது, ஆனால் வரியும் எழாது. முற்றிலும் திறந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். மேப்பிளுக்கு வர்ணமேற்றிய வித்தையின் சரித்திரம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வரப்பில் நடந்த நடையே ஆகும்.

அந்த வரப்பில் மிக நேர்த்தியாக நடந்தவர்கள் என்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பவர்கள் கிரெமோனாவின் வயலின் கலைஞர்கள். அவர்களில் தலையாயவரான அந்தோனியோ ஸ்த்ராதிவாரி (1644–1737) செய்த வயலின்களின் முதுகு வரி ஓடும் மேப்பிளால் ஆனது. அதன் மீது செம்பொன் நிறத்தில் ஒளிரும் மெருகைப் பற்றி எழுந்த கற்பனைகளுக்குக் கணக்கில்லை. எரிமலைச் சாம்பல் என்றார்கள், மறைந்துபோன பிசின் என்றார்கள், பரம்பரை ரகசியம் என்றார்கள். பாரிஸ் நகரத்துச் சங்கீத அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 5 வாத்தியங்களின் மெருகை நுண்ணிய துணுக்குகளாக எடுத்துப் பரிசோதித்த விஞ்ஞானிகள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு அந்தக் கற்பனைகளையெல்லாம்விட எளிமையாக இருந்தது. அடியில், மரத்துக்குள் சிறிதளவே இறங்கிய, வர்ணமற்ற, உலரும் தன்மையுள்ள எண்ணெய்ப் படலம் ஒன்று. அதன் மேல் எண்ணெயும் பைன் மரத்துப் பிசினும் கலந்த இரண்டாம் படலம். சில வாத்தியங்களில் செம்மை தரும் பொருள்கள் இந்த மேற்படலத்தில் மட்டுமே கலக்கப்பட்டிருந்தன. மரம் குடிக்க வேண்டியதை நிறமில்லாத எண்ணெயாகவே முதலில் குடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டது. பிறகு வந்த வர்ணம் கண்ணாடி போல் அதன் மேலே நின்றது. எண்ணெய் நனைத்ததால் வரி எழுந்தது. வர்ணம் உள்ளே இறங்காததால் திட்டு விழவில்லை. பிற்காலத்துப் பட்டறைகள் பெரும்பாடுபட்டுத் திரும்பக் கண்டுபிடித்த நியதி அந்த வாத்தியங்களின் முதுகில் அத்தனை காலமும் எழுதி வைத்தாற்போல் இருந்திருக்கிறது.

மரச்சாமான் செய்தவர்களுக்கு வயலின்காரருடைய அவகாசம் கிடையாது, வேண்டியதும் வேறு. 1688ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் அச்சான, ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் எழுதிய மெருகுக் கலை நூலில், மரத்துக்குச் சிவப்பும் பச்சையும் நீலமும் ஏற்றும் முறைகளும், நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் முறைகளும் அடுத்தடுத்து இடம்பெற்றிருக்கின்றன. அக்காலத்துச் சாயங்கள் பெரும்பாலும் வேரும் பட்டையும் கட்டையும். சிவப்புக்குப் பெரிதும் கைகொடுத்தது பிரேசில் கட்டை. இந்தப் பெயர் முதலில் வழங்கியது கீழ்த்திசையிலிருந்து சென்ற சப்பங்கத்துக்கு என்பதும், அதே சாயம் தரும் மரத்தைக் கடலுக்கு அப்பால் கண்டவர்கள் மரத்துக்கும் பிறகு ஒரு தேசத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள் என்பதும் சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல் பசையை நீர்க்கக் காய்ச்சி மரத்துக்கு ஒரு கை பூசி, அதன் பசியை அடக்கிய பின் வர்ணம் தீட்டுவது பழைய வழக்கங்களில் ஒன்று. திட்டைத் தடுக்க இது உபாயமே. ஆனால் பசை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் விழுந்துவிட்டால், தடுக்கப் போன கையே புதிய திட்டுக்குக் காரணமாகிவிடும்.

இவற்றோடு சேராமல் தனியே நின்ற வித்தை ஒன்று உண்டு. சிக்கமோர் மேப்பிளின் மெல்லிய தகடுகளை அன்னபேதி கரைத்த நீரில் ஊறவைத்தால், இரும்புச் சத்து மரத்திலுள்ள துவர்ப்போடு கலந்து, தகடு முழுவதும் வெள்ளி சாம்பல் நிறம் அடையும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சித்திரம் பதித்த பெட்டகங்களில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் ஹேர்வுட் என்பது இதன் பெயர். ஹேர் என்ற ஆங்கிலச் சொல் குறிக்கும் முயலுக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை. மேப்பிளைக் குறிக்கும் லத்தீன் சொல் ஜெர்மன் வழியாகத் தேய்ந்து வந்த உருவம் அது. தகடு முழுவதும் ஊறியதால் திட்டுக்கே இடமில்லாமல் போயிற்று. ஆயினும் வெளிச்சம் அந்த வேலையை வேறு விதத்தில் சோதித்தது. அந்தப் பெட்டகங்களின் வெளிமுகம் இன்று வெறும் பழுப்பாகத் தோன்றுகிறது. பெயர்ந்துவிட்ட தகடு ஒன்றைச் செப்பனிடுவதற்காகத் திருப்பிப் பார்க்கிறவர், வெயில் காணாத அதன் முதுகில் பழைய வர்ணம் நேற்றுப் பூசியதைப் போல் இருப்பதைக் கண்டு திகைத்து நிற்பது உண்டு.

அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் அக்கரையில் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களில் மேப்பிளின் நிலை வேறாக இருந்தது. அங்கே அது கொல்லைப்புறத்தில் நின்ற மரம். கொல்லை மரத்துக்கு மதிப்புக் குறைவு என்பது எந்த நாட்டிலும் உள்ள ஸ்வபாவந்தானே! 1721ஆம் ஆண்டில் குடியேற்ற நாடுகளின் மரங்களுக்குப் பிரிட்டனில் இருந்த இறக்குமதி வரி நீங்கிய பிறகு, கரீபியன் தீவுகளின் மகாகனி இங்கிலாந்தின் மாளிகைகளில் புகுந்து, அதைப் பார்த்துப் பாஸ்டன், நியூபோர்ட் வர்த்தகப் பிரபுக்களின் வீடுகளிலும் புகுந்தது. மகாகனிக்குப் பணம் இல்லாதவர்களும், துறைமுகத்திலிருந்து தொலைவில் இருந்தவர்களும் மேப்பிளில் சாமான் செய்வித்து, அதைச் செம்பழுப்பாக்கி, மகாகனி போலத் தோன்றச் செய்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் மேஜர் ஜான் டன்லப் (1746–92) என்பவரும் அவர் தம்பி சாமுவேலும் நடத்திய பட்டறைகளில் மேப்பிளால் உருவான உயரமான இழுப்பறைப் பெட்டகங்கள், சங்கு போல் சுருண்ட சித்திர வேலைகளோடு இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் பெருமையோடு நிற்கின்றன. அந்த நாளில் வரியைக் காட்ட வேண்டும் என்ற கவலையைவிட, மேப்பிள் என்பதே தெரியாமல் மறைக்க வேண்டும் என்ற கவலைதான் மிகுதி. மறைப்பதே நோக்கமாக இருந்தபோது திட்டை ஆழ்ந்த சிவப்பில் அமுக்கிவிடுவது சுலபம்.

வரியை மறைக்காமல், அதையே பெருமையாகக் கொண்டாடியவர்கள் பென்சில்வேனியாவின் துப்பாக்கித் தொழிலாளர்கள். ஜெர்மனியிலிருந்தும் சுவிட்ஸர்லாந்திலிருந்தும் வந்து லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய அவர்கள், தாய்நாட்டில் வால்நட் கட்டையில் செய்து பழகிய குட்டைத் துப்பாக்கியை, புதிய தேசத்துக் காடுகளுக்கு ஏற்ப நீட்டி மெலிவித்து, அதன் கட்டைக்குப் புலிவரி மேப்பிளைத் தேர்ந்தார்கள். ஜேக்கப் டிக்கர்ட் (1740–1822) போன்றவர்களின் பெயர் இன்றும் சேகரிப்பாளர்களிடையே பக்தியோடு உச்சரிக்கப்படுகிறது. அவர்கள் வர்ணமேற்றிய முறை சாயமும் அன்று, பூச்சும் அன்று, அது ரசாயனம். வெடியுப்புத் திராவகத்தைத் தண்ணீரில் கலந்து, அதில் இரும்புத் துணுக்குகளைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போடுவார்கள். நுரைத்துப் பொங்கிச் செம்பழுப்புப் புகை கக்கி, இனி இரும்பு கரையாது என்ற நிலை வந்ததும், தெளிந்த திரவத்தை எடுத்துத் துப்பாக்கிக் கட்டை முழுவதும் தடவுவார்கள். அப்போது கட்டை பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு நோயாளி நிறத்தில் இருக்கும். இந்த வித்தையை அறியாதவன் பார்த்தால் மரம் கெட்டுவிட்டதென்றே நினைப்பான். காய்ந்த பிறகு, உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எடுத்து, கட்டையைத் தொடாமல், அதற்கு அரை அங்குலம் எட்ட வைத்து மெதுவாக நகர்த்துவார்கள். இரும்பு போகும் வழியெல்லாம் அந்தப் பச்சை மங்கி, கண் முன்னாலேயே தேன் நிறமாகி, செம்பழுப்பாகி, வரிகள் ஒவ்வொன்றாய்க் கறுத்து எழுந்து வரும். பிறகு எஞ்சிய புளிப்பு மரத்தையும் இரும்பையும் அரிக்காதபடி காரநீரால் தணித்து, ஆளிவிதை எண்ணெயைக் கை சூடேறத் தேய்த்துவிடுவார்கள்.

இந்த முறையில் திட்டுக் குறைவாக விழுந்ததற்குக் காரணம் ஆராயத்தக்கது. மண்ணை அரைத்துச் செய்த வர்ணத்தில் துகள்கள் உண்டு. செம்மண் கலக்கிய நீரைப் போல அது மேலே நீரும் கீழே வண்டலுமாய்ப் பிரியக்கூடியது. அந்த வண்டல், மரத்தில் எங்கே கீறல் உண்டோ, எங்கே பள்ளம் உண்டோ அங்கே போய்த் தங்கிக்கொண்டு, குற்றத்தை ஊரறியச் செய்துவிடும். இரும்பு கரைந்த திராவகத்திலோ துகள் இல்லை. உப்பு கரைந்த நீரைப் போல அது முழுவதும் ஒன்றே. அது தன் இறுதி நிறத்தைக் காட்டாமலே நாருக்குள் நுழைந்து, வெப்பம் பட்ட பின்னரே இரும்புத் துருவாக மாறி உள்ளேயே குடிகொள்கிறது. கீறலை நாடாமல் நாரை நாடுவதால் வரி எடுப்பாகவும் மற்ற இடங்கள் அடக்கமாகவும் அமைகின்றன. அத்துடன் அந்த நிறம் துரு என்பதால் வெயிலுக்கு அஞ்சுவதில்லை. இரு நூற்றாண்டுகள் கடந்தும் அந்தத் துப்பாக்கிக் கட்டைகள் வெளுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

புரட்சிக்குப் பிந்திய அமெரிக்காவில் மேப்பிளின் அந்தஸ்து உயர்ந்தது. பாஸ்டனில் ஜான் சீமோரும் அவர் மகன் தாமஸ் சீமோரும் மகாகனிக்கு நடுவே பறவைக்கண் மேப்பிளின் வெளிர் தகடுகளைப் பதித்துச் செய்த சாமான்களில், மேப்பிள் வேஷம் போடாமல் தன் வெண்மையாலேயே சபையில் அமர்ந்தது. அமெரிக்கச் சேலம் நகரத்துச் செல்வச் சீமாட்டி ஒருவருக்காக 1809இல் செய்யப்பட்ட அரைவட்டப் பேழை அதற்கு நல்ல உதாரணம். பிரான்ஸிலும், நெப்போலியன் 1806இல் விதித்த கடல் முற்றுகைக்குப் பிறகு மகாகனி அருமையாகி, வெளிர் மரங்களின் மீது நாட்டம் பிறந்து, 1820களில் அதுவே நாகரிகமாக உச்சம் பெற்றது. ஷேக்கர் என்ற சமயக் குழுவினர் 1845ஆம் ஆண்டு விதித்துக்கொண்ட நியமங்களில், சிறு பெட்டிகளுக்குச் செம்மையோ மஞ்சளோ ஏற்றலாம், ஆனால் அவற்றுக்கு வார்னிஷ் கூடாது என்று கண்டிருக்கிறது. சீமோர்களைப் போல வர்ணமே ஏற்றாமல் விட்டாலும் திட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது அல்லவா? ஆனால் மனிதனுக்கு வர்ணத்தின் மீதுள்ள மோகம் நெடுநாள் அடங்கியிருப்பதில்லை.

1856ஆம் ஆண்டு, லண்டனில் ஹாப்மன் என்ற ரசாயனப் பேராசிரியரிடம் பயின்றுகொண்டிருந்த வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு கொய்னா செய்ய முயன்று, கருமையான கசடு ஒன்றைப் பெற்றார். வேறொருவர் வீசி எறிந்திருக்கக்கூடிய அந்தக் கசடு சாராயத்தில் கரைந்து அழகிய ஊதா நிறம் தந்தது. அதன் பின்னால் மெஜந்தா, பிஸ்மார்க் பழுப்பு, நிக்ரோசின் கருமை என்று அனிலைன் சாயங்கள் வரிசையாகப் பிறந்தன. முதலில் பட்டையும் பருத்தியையும் கவர்ந்த இவை, நூற்றாண்டு முடிவதற்குள் மரவேலைப் பட்டறைகளிலும் சின்னஞ்சிறு பொட்டலங்களாக வந்து சேர்ந்தன. ஒரு சிட்டிகைப் பொடி வெந்நீரில் கரைந்து ஒரு மேசைக்குப் போதும். துகளற்றதாய், கண்ணாடி போல் தெளிந்ததாய், ஆழ இறங்குவதாய், வேண்டிய நிறத்தைக் கலந்துகொள்ளக்கூடியதாய் இருந்த இந்தச் சாயம் மேப்பிளுக்கென்றே பிறந்தது போல் தோன்றியது. தண்ணீரில் கரைவது மெதுவாகப் பரவிச் சீராகப் படிந்தது. சாராயத்தில் கரைவது சீக்கிரம் உலர்ந்து, தூரிகை ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடத்தில் தடம் விட்டது. இந்த வித்தியாசத்தை அனுபவத்தால் அறிந்தவர்கள் பெரிய பரப்புக்குத் தண்ணீரையும் சிறு திருத்தங்களுக்குச் சாராயத்தையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு குறை மட்டும் இருந்தது: தொடக்க கால அனிலைன் சாயங்கள் வெயிலில் நிற்கவில்லை. உலோகத்தோடு பிணைந்து ஒளியைத் தாங்கும் சாயங்கள் 20ஆம் நூற்றாண்டில் வந்த பிறகே அந்தக் குறை பெருமளவு நீங்கியது.

இந்த இடத்தில் நம் தேசம் கதைக்குள் வருகிறது. பலாசு, பூவம், இலந்தை ஆகிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் கொம்பரக்கிலிருந்து நம்மவர்கள் இரண்டு பொருள்களை எடுத்துவந்தார்கள்: கழுவும்போது வடியும் செஞ்சாயம் ஒன்று, உருக்கி அவல் போல் மெல்லிய சில்லுகளாக இழுத்த பிசின் மற்றொன்று. கும்பினி நாளில் செஞ்சாயம் மதிப்புள்ள ஏற்றுமதிச் சரக்கு. பெர்க்கின் திறந்துவைத்த வழியில் வந்த செயற்கைச் சிவப்புகள் அந்தச் சாய வியாபாரத்தை 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழித்துவிட்டன. கழுவிய செந்நீர் விலைபோகாத கழிவாயிற்று. ஆனால் அதே காலத்தில் பிசினின் மதிப்பு ஏறியது. சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தால் நூறு முறை தேய்த்து மெருகேற்றும் பிரெஞ்சு பாலிஷ் முறை ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. பிறகு கிராமபோன் தட்டுக்கும் அரக்கே வேண்டியிருந்தது. மேப்பிளுக்கு வர்ணமேற்றுகிறவர்களும் இந்த அரக்கில் ஓர் அரிய குணத்தைக் கண்டார்கள். அதை மிகமிக நீர்க்கக் கரைத்து, சாயத்துக்கு முன்னால் ஒரு கை பூசினால், அது மரத்தின் வாயை முழுக்க அடைப்பதில்லை. அதிகப் பசியுள்ள இடத்தில் அதிகமாகவும் குறைந்த பசியுள்ள இடத்தில் குறைவாகவும் இறங்கி, எல்லாப் பசியையும் ஏறக்குறையச் சமப்படுத்திவிடுகிறது. பந்திக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு குவளை நீர்மோர் கொடுத்து உட்கார வைப்பதைப் போன்ற உபாயம் இது. நம் அரக்குச் சாயத்தைச் சந்தையிலிருந்து விரட்டிய அனிலைன், கடைசியில் நம் அரக்குப் பிசினின் மடியிலே உட்கார்ந்துதான் மேப்பிள் மீது ஒழுங்காக நிற்கக் கற்றுக்கொண்டது.

20ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளுக்கு இவ்வளவு பொறுமை இல்லை. கைவினையின் பெருமையைப் பேசிய குஸ்தாவ் ஸ்டிக்லி 1909இல் வெளியிட்ட நூலில், காடியில் இரும்பை ஊறவைத்த நீரால் மேப்பிளுக்கு வெள்ளி சாம்பல் நிறம் தரும் பழைய முறையே பரிந்துரைக்கப்பட்டிருந்தது. ஆனால் 1920களில் சீக்கிரம் உலரும் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரும் அதைத் தெளிக்கும் துப்பாக்கியும் சேர்ந்து வந்தபோது, ஆலை முதலாளிகள் திட்டுக்கு ஒரேயடியான பரிகாரம் கண்டார்கள். மரத்துக்குள் வர்ணத்தை விடவே வேண்டாம். லாக்கரிலேயே சாயத்தைக் கலந்து மேலே பனி போல் தெளித்துவிட்டால், மரம் நல்லதோ கெட்டதோ, ஆயிரம் நாற்காலியும் ஒரே நிறம். அமெரிக்கப் பழமையின் மீது பக்தி பெருகிய அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு புகுந்த ‘தேன் மேப்பிள்’ சாமான்களில் பல இப்படித்தான் நிறம் பெற்றன. திட்டு ஒழிந்தது, அதோடு வரியும் மெல்லிய திரைக்குப் பின்னால் போய்விட்டது. கிரெமோனாவிலும் வர்ணம் மேலேதான் நின்றது; ஆனால் அங்கே அதன் அடியில் எண்ணெய் மரத்தை முதலில் விழிக்கச் செய்திருந்தது. ஆலையில் மரம் தூங்கும்போதே போர்வை போர்த்தப்பட்டது.

கைவினைப் பட்டறைகளில் இன்று வழங்கும் முறையைக் கவனித்தால், இந்த நெடிய சரித்திரம் முழுவதும் அதில் சுருங்கிக் கிடப்பது தெரியும். நெளிந்த நாரை இழைப்புளி பிய்த்துவிடும் என்பதால் முடிவு வேலையைக் கூர்விளிம்புள்ள எஃகுத் தகட்டால் சுரண்டியும், உப்புத்தாளால் தேய்த்தும் செய்கிறார்கள். பின் தண்ணீரால் நனைத்து, எழும்பும் நாரை உலர்ந்த பிறகு மீண்டும் தேய்த்துத் தணிக்கிறார்கள். இல்லையேல் சாய நீர் பட்டதும் அது முள்ளாக எழும். முதலில் கருமையான சாயத்தைத் தண்ணீரில் கரைத்துப் பலகை முழுவதும் தாராளமாக ஊற்றி, மிச்சத்தை உடனே துடைக்கிறார்கள். உலர்ந்த பலகை அருவருப்பாக இருக்கும். அதை மெல்லிய தாளால் தேய்த்தால், நாரின் பக்கங்களில் மேலாக நின்ற கருமை போய், நுனிகளில் ஆழ இறங்கிய கருமை மட்டும் வரி வரியாக மிஞ்சுகிறது. திட்டாய் நின்ற கருமையும் பெரும்பாலும் இந்தத் தேய்ப்பில் கழிந்துவிடும். அதன் மீது தேன் நிறமோ செம்பொன் நிறமோ நீர்த்த சாயமாக இரண்டாம் முறை. பிறகு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை. பிறகு நீர்த்த அரக்கு. பிறகே வார்னிஷோ லாக்கரோ. நிறம் இன்னும் சற்றுக் கூட வேண்டுமானால் அதை அரக்கோடு கலந்து மேலே தருகிறார்கள், உள்ளே விடுவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அதே மரத்தின் கழிவுத் துண்டு ஒன்றில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒத்திகை பார்க்கிறார்கள். ஒரு பலகைக்குச் சரியானது அடுத்த பலகைக்குச் சரியாகாது என்பதை மேப்பிள் எத்தனையோ தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நியூ இங்கிலாந்தின் பழைய பெட்டகங்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததைச் சொல்லி முடிக்கலாம். மகாகனியாக வேஷம் பூண்டிருந்த அவற்றின் செம்பழுப்பைப் பழம்பொருள் பிரியர்கள் அழுக்கென்று கருதிக் காரமான திரவங்களால் சுரண்டி எடுத்து, அடியில் இருந்த மரம் நூற்றைம்பது ஆண்டுகளில் தானாகவே பழுத்துப் பெற்றிருந்த தேன் நிறத்தைப் பார்த்து, ஆதியிலேயே இதுதான் நிறம் என்று நம்பிவிட்டார்கள். ஆலைகள் தெளித்த தேன் மேப்பிள் நிறத்துக்கு முன்மாதிரியும் அந்த நம்பிக்கைதான். இன்று அந்தப் பெட்டகங்களில் ஒன்றின் இழுப்பறையை வெளியே எடுத்து, உள்ளே மறைந்திருந்த மூலையையோ சட்டத்தின் உள்விளிம்பையோ விளக்கொளியில் பார்ப்பவருக்கு, பழைய செம்மை ஒரு விரல் அகலத்துக்கு மிச்சமிருப்பது தெரியக்கூடும். அதன் பக்கத்திலேயே, அந்தச் செம்மையைக் கடந்து வெளியே வரும் புலிவரியும் தெரியும். சாயம் வெளுத்துவிட்டது என்று வேஷம் கலைந்தவர்களை நாம் ஏளனமாகச் சொல்வது வழக்கம். இந்த மரத்தின் சாயமும் வெளுத்தது. ஆனால் வெளுத்த இடத்தில் அது வெட்கப்பட எதுவும் இல்லை.